இடது கை பிடிக்க, வலது கை திருப்ப

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது நாலு பேர். மூத்தது பெண், அதற்குக் கீழே மூன்று பையன்கள். நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் நிதானமாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளட்டும்.

செஞ்சியில் என் வீட்டுக்காரருக்கு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை இருந்தது. அவலூர்பேட்டையிலிருந்தெல்லாம் டிவியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பாண்டிச்சேரியிலும் அவருக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. அதில் ஒரு குடும்பம் பிரான்சுக்கே போய்விடுவதென்று வீட்டைக் காலி செய்தபோது, ஓடாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டர் என்றால் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. பரீட்சை அட்டை அளவுதான் இருக்கும். மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். டிவியில் சொருகினால்தான் எழுத்து தெரியும். இவர் அதைக் குடைந்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, ஓட வைத்து மகளிடம் கொடுத்துவிட்டார்.

அவள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த புத்தகம் பிரெஞ்சு. ஒரு வரி புரியாது. ஆனால் மெஷினுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இங்கிலீஷில்தான் அச்சடித்திருந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி, எது எழுதினால் எது நடக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் என் வீட்டுக்காரர் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து, பேச்சு திரும்பியது, காலும் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. வேலை கொடுத்தால் வரும், சும்மா வைத்தால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே இவர் அதை இடது கையால் எடுத்துத் தெருவில் வீசினார்.

கடை பூட்டிக் கிடந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். சாப்பாட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார்.

"அந்தக் கையால சோறு துன்னுவாங்களாடி? இன்னா பேசுற நீ?"

ஸ்பூன் கொடுத்தால் அதையும் இடது கையில்தானே பிடிக்க வேண்டும்? அதனால் நான்தான் ஊட்டினேன். பிள்ளைகள் பார்க்கக் கூடாது. அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு வேளை, தெருவில் விளையாடப் போன பிறகு ஒரு வேளை. கல்யாணம் காட்சி என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். பந்தியில் உட்கார வேண்டுமே. ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

மகள் கெட்டிக்காரி. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். ஒருநாள் சாயந்திரம் டிவியைக் கட்டிலுக்கு எதிரே தூக்கி வைத்தாள். அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு ஆள் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு வெள்ளைவெளேரென்ற மலையில் இறங்குகிறான்.

"இன்னாடி இது, உப்பளமா?" என்று கேட்டேன்.

"பனிம்மா. ஐஸு. அது மேல சறுக்கினே கீழ வருவாங்க."

"கால்ல பலவையக் கட்டிக்கினா? எவன்டா அவன், புத்தி கெட்டவன்."

கட்டிலிலிருந்து இவர் வாயைத் திறந்தார். "நாங்க சின்ன வயசுல கோட்டைப் பாறையில பனமட்டை மேல குந்திக்கினு சறுக்கல? டவுசர் கிழிஞ்சி எங்கம்மா கையால ஒதை வாங்கல? அத்தே மாதிரிதான்."

அந்தச் சறுக்கலை டிவியில் ஆடுகிற விளையாட்டாக அவளே அந்த மெஷினில் எழுதியிருந்தாள். எழுதினதைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். டேப் ரிக்கார்டரை மெஷினோடு சேர்த்து அந்தக் கேசட்டைப் போட்டால் நரி ஊளையிடுகிற மாதிரி கொஞ்ச நேரம் கத்தும், பிறகு டிவியில் மலை வரும். மேலே ஒரு குட்டி ஆள். இரண்டு பக்கமும் கறுப்புக் கறுப்பாகப் பாறை. நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு குரங்கு. பனிமலையில் குரங்கு ஏது என்று கேட்டால், நம்ம ஊர் மலை குரங்கில்லாமல் இருக்குமா என்கிறாள். இடது பக்கம் திரும்ப ஒரு பொத்தான், வலது பக்கம் திரும்ப இன்னொன்று. கீழே வரைக்கும் மோதாமல் போக வேண்டும். இடது பொத்தானுக்கு இடது கை, வலது பொத்தானுக்கு வலது கை என்று அவள் கணக்கு.

இவர் இரண்டையும் இடது கையாலேயே தட்டினார்.

"நைனா, ஏமாத்துறீங்க."

"ஆள் எறங்குறானா இல்லியா? அத்தப் பாரு."

அவள் மெஷினை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நடுவில் கரண்ட் போய், எழுதினதெல்லாம் அழிந்து, அழுதுவிட்டு மறுபடி எழுதினாள். புது விளையாட்டில் ஆள் தானாகவே இடது பக்கம் சரிந்துகொண்டு போவான். இடது ஓரத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் குப்புற விழுந்துவிடுவான். அவனை வலது பக்கம் திருப்புகிற பொத்தான் வலது கோடியில் இருந்தது. இடது கை பிடியிலேயே மாட்டிக்கொண்டது. இனி வலது கைதான்.

அவரே இடது கையால் வலது கையைத் தூக்கி அந்தக் கோடியில் வைத்துக்கொண்டார். கையின் பாரத்தில் பொத்தான் அமுங்கியது. அமுங்கினதுதான், எடுக்க வரவில்லை. விரல் விறைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆள் வலது பக்கமே போய்ப் போய் ஒரே பாறையில் மோதுவான்.

"எடுத்துக்கினு போ இந்தச் சனியன" என்று கத்தினார்.

மகள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க" என்று கட்டிலில் உட்கார்ந்தேன். பொத்தானில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, அதற்கு அவசியமும் இல்லை. இது பிடிக்கிறது, இது திருப்புகிறது, அவ்வளவுதானே. பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்கிற மாதிரி, தொட்டு விட, தொட்டு விட, ஆள் சரசரவென்று இறங்கிப் போனான். நாலாவது ஆட்டத்திலேயே அடிவாரம் வரை போய்விட்டேன். பையன்கள் கைதட்டினார்கள்.

"தோ பாரு," என்றார் இவர், "எருமை மேய்க்கிற வூட்டுல பொறந்தவளுக்கு வந்த வாழ்வு."

"எருமைன்னாலும் குறுக்க வந்தா ஒதுங்கிப் போவும். உங்க ஆளு பாறையத் தேடிப் போயி முட்டுறான்."

அன்றைக்கு ஆரம்பித்தது. சாயந்திரம் விளக்கு வைத்ததும் அவர் ஒரு ஆட்டம், நான் ஒரு ஆட்டம். மகள் என்னைச் சமையற்கட்டில் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு வாட்டி தோத்துக் குடும்மா" என்று கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றேன். தோற்றுக் கொடுத்தால் அவருக்குத் தெரியாதா? கையில்லாதவன் என்று பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தால் அதோடு அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கும் ஜெயிக்கப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் முழு மனசோடு ஜெயித்தேன். மறுநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற நேரம் பார்த்து அவர் தனியாகப் பழகிக்கொண்டிருப்பார். கேசட் ஊளையிடுவது கொல்லை வரைக்கும் கேட்கும். நான் கேட்காத மாதிரி வருவேன்.

ஐப்பசி மழைக்குள் ஆள்காட்டி விரல் தானாக எழும்பியது. குரங்கு வரைக்கும் வந்தார். பிறகு குரங்கையும் தாண்டினார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தேன். அவர்களை அனுப்பிவிட்டு இவருக்குப் போடலாம் என்று இருந்தேன். இவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து, நடுப்பையனைக் காலால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தட்டை இழுத்தார். வலது கையைச் சோற்றில் வைத்தார்.

விரல்கள் சோற்றைப் பிடித்துக்கொண்டன. விட மாட்டோம் என்றன. வாயைக் கையிடம் கொண்டுபோய் உதட்டால் வழித்துக்கொண்டார். பாதி மடியில் விழுந்தது. மகள் தலை நிமிரவேயில்லை. கடைக்குட்டிதான், "நைனா, மீசையெல்லாம் சோறு!" என்றான்.

"உன் மூக்குல ஒழுகுது, அத்தத் தொடைச்சிட்டு வந்து என்னச் சொல்லு."

நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா நின்னுக்கினே கீற? கொழம்ப ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.

பற்றவைக்கிற கம்பி அந்தக் கைக்கு மறுபடி வசப்படவில்லை. அதைப் பெரிய பையன் பிடித்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்துக் கடையை ஓட்டினார். பந்தியில் நிதானமாக, கடைசி ஆளாக எழுந்து வருவார். போய்ச் சேருகிற வரைக்கும் தன் சோற்றைத் தன் வலது கையால்தான் சாப்பிட்டார். விளையாட்டில் மட்டும் ஒரு தடவைகூட என்னை ஜெயிக்கவில்லை.

இதைப் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிற பேத்தியிடம் கொடுக்கிறேன். அந்த விளையாட்டை எழுதினவளுடைய மகள் இவள். இந்தாம்மா, இதை உன் ஆயா எனக்குக் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டு. நான் ஊட்டினேன் என்று எழுதின இடம் வரும்போது மெதுவாகப் படி. உன் தாத்தாவுக்கு அது வெளியில் தெரிவது பிடிக்காது. காதால் கேட்டுவிட்டு, அந்த இடத்தை வைக்கலாமா அடித்துவிடலாமா என்று சொல்கிறேன்.