பரமேஸ் படுக்க மறுத்த ‘ஹோம்’

மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்டில் என் மனைவி பரமேஸ் இருக்கும் முதியோர் இல்லத்துக்குள் யாரும் போகலாம். வெளியே வரத்தான் கதவில் இலக்கம் அமுக்க வேண்டும். இதற்கும் இங்கே ‘ஹோம்’ என்றுதான் பெயர்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்கலாம். நான் அதற்குள் குடியிருந்தவன். ஜேர்மனியில் அகதிகளான எங்களை வைத்திருந்த கட்டடத்தை ‘ஹைம்’ என்றார்கள். அடுக்குக் கட்டில்களில் கிடந்தோம். அங்கே உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கிய இந்தக் கைதான், பிறகு மொன்ட்ரியாலுக்கு வந்து, வில்லரேயில் மூன்று மாடி வீடு வாங்கியது. யாரும் தூக்கிவிடவில்லை. நோர்வேயில் இருக்கும் என் தம்பி வீட்டை ‘யெம்’ என்பான். எல்லாம் ஒரே வேர் என்று அவன்தான் சொன்னான். முற்காலத்தில் அது முழு ஊரையே குறித்ததாம். அதற்கும் முன்னே, கிடக்கிற இடம் என்பதுதான் பொருளாம்.

பரமேஸ் விழுந்து இடுப்பு முறிந்தபின் என் வீட்டுப் படிகளில் அவளால் ஏற முடியவில்லை. இல்லத்தில் அறை எடுத்தேன். போன அன்றே கட்டிலில் சாய மறுத்து, சக்கரக் கதிரையிலேயே இருந்துவிட்டாள்.

“உமக்கு இஞ்சை என்ன குறை?”

“பால் காய்ச்சாத இடத்திலை நான் படுக்கமாட்டன். மூண்டு மாடி எண்டு ஊரெல்லாம் கதைக்கிறியள், ஒரு சட்டி பால் காய்ச்ச ஏலாதே?”

வில்லரேயில் குடிபூர்ந்தபோது பால் பொங்கி வழியும்வரை அசையாமல் நின்றவள் அவள். மறுநாள் மின்னடுப்பைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். பால் நன்றாகத்தான் பொங்கியது. வழிந்து அடுப்பில் கருகிப் புகைந்ததும் கட்டடம் முழுவதும் மணி அலறியது. ஹெய்ட்டி நாட்டுத் தாதி ஒருத்தி ஓடிவந்து, என்ன எரிகிறது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“நுவெல் மெசோன்,” புது வீடு என்றேன், பெருமையாகத்தான்.

அவள் தொலைபேசியை எடுத்துவிட்டாள். “உங்கள் வீடா எரிகிறது? விலாசத்தைச் சொல்லுங்கள், மிஸ்யூ.”

பரமேஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை. பிறகு சட்டியைக் கண்ட தாதி அடுப்பைப் பிடுங்கி, என்னை நன்றாக ஏசினாள். ஏசி முடிந்ததும் பரமேஸ் நீட்டிய பாலை நின்றபடியே குடித்தாள். இருவருமாகப் பரமேஸைக் கட்டிலில் கிடத்தினோம். அவள் கண்ணை மூடி, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

நான் புறப்பட எழுந்தேன்.

“இருங்கோ,” என்றாள், வீட்டுக்காரியின் குரலில். “பால் குடிக்காமல் போறதே?”

கட்டிலருகே, வந்துபோகிறவர்களுக்கென்று ஒரு கதிரை கிடந்தது. ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு, கதிரை விளிம்பில் இருந்தபடி பாலைக் குடித்தேன்.