பதிவேட்டில் ஏறாத காயம்

இரும்புலியூரில் ஜெயவேலு என்ற பெயரில் ஐந்து பேர் உண்டு. மளிகைக்கடை ஜெயவேலு, ஏரிக்கரை ஜெயவேலு, கரண்ட் ஆபீஸ் ஜெயவேலு, கட்டை ஜெயவேலு, லாரி ஜெயவேலு. இந்தக் கடைசி ஜெயவேலு லாரி வைத்திருந்தவரும் இல்லை, ஓட்டியவரும் இல்லை. பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்து, நாயக் பதவியில் ஓய்வுபெற்று, இடது காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஊர் திரும்பியவர். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தது அவருடைய மனைவி அஞ்சம்மாள்.

வேண்டுமென்று வைத்ததில்லை. தொண்ணூற்று மூன்றில் கொழுந்தன் சிவகுமாரின் கல்யாணம். பந்தலில் யாரோ ஒரு பெண், "இன்னா அஞ்சம்மா, உங்க வூட்டுக்காரரு சிலோன் சண்டையில குண்டடி பட்டவராமே?" என்று கேட்டுவிட்டாள்.

"குண்டாவது ஒண்ணாவது! லாரி மேல இருந்து வுயுந்துட்டு வந்து கீறாரு. ஏறத் தெரிஞ்ச மனுசனுக்கு எறங்கத் தெரியல" என்றாள் அஞ்சம்மாள்.

பந்தலே சிரித்தது. இலை போட்டுக்கொண்டிருந்த ஜெயவேலுவும் கூடச் சிரித்தார். மறுநாளிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி வேலைக்குப் போனபோதும் அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே போய் கேட்டில் நின்றது. பூத் சிலிப் கொடுக்க வருகிறவர்கள்கூட, "லாரி ஜெயவேலு வூடு இதுதானேம்மா?" என்றுதான் கேட்பார்கள். அஞ்சம்மாள் ஆமாம் என்று சொல்லிச் சிலிப்பை வாங்கிக்கொள்வாள்.

போன தை மாதம் ஜெயவேலுவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தாம்பரத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு பெண் காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். பேஸ்மேக்கர் இருக்கா, கண்ணில் லென்ஸ் இருக்கா, உடம்புக்குள் இரும்பு ஏதாவது இருக்கா.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அஞ்சம்மாள்.

"கால் ஏன் இப்படி இருக்கு?"

"அது மிலிட்டரில இருக்கசொல்ல லாரில இருந்து வுயுந்தது."

எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். இடுப்பெலும்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாக ஏழெட்டுப் புள்ளிகள். ஒன்று கொண்டைக்கடலை அளவு இருந்தது.

"லாரியில இருந்து விழுந்தா எலும்பு உடையும்மா. உள்ள இரும்பு ஏறாது. இது வெடிகுண்டுச் சிதறல். இது காந்த மெஷின், இவரை இதுக்குள்ள அனுப்ப முடியாது."

அஞ்சம்மாள் ஸ்ட்ரெச்சரில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை என்பது இமை துடித்ததிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தமிழினி பீரோவிலிருந்து அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தாள். பல்லாவரத்தில் பள்ளிக்கூட டீச்சர் அவள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். அதனால் காகிதம் என்று எது வந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். பதக்கங்கள் என்ற பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன, இரண்டும் எல்லோருக்கும் கொடுப்பவை. கடல் தாண்டிப் போய் வந்ததற்கான பதக்கம் இல்லை. எதிரியால் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கிற பதக்கமும் இல்லை. மருத்துவப் பக்கத்தில் மட்டும், 'வாகனத்திலிருந்து விழுந்ததால் இடுப்பில் காயம், நவம்பர் 1987' என்று இருந்தது.

"தயாளன் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அவர்தானே அப்ப யூனிட் கிளார்க்கு?"

தயாளன் பெருங்களத்தூரில் இருந்தார். பழைய பட்டாளத்துக் கூட்டாளி. ஜெயவேலு படுத்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் வராத மனுசனிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அந்த ஞாயிறு தமிழினி எக்ஸ்ரேயை அவர் கையில் கொடுத்தாள். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தவர், "தங்கச்சி, கொஞ்சம் வெளியில வா" என்றார்.

வாசலில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டுதான் அவரால் சொல்ல முடிந்தது.

"சிலோன்ல வண்டி கண்ணிவெடியில ஏறிடுச்சு. மூணு பேரு அங்கேயே போயிட்டாங்க. உன் வூட்டுக்காரன் எகிறிப் போய் வேலி ஓரமா கெடந்தான். காயம்பட்டவங்க பேரை லிஸ்ட்டுல ஏத்த வேண்டியது என் வேலை. லிஸ்ட்டுல ஏறினா வீட்டுக்குத் தந்தி போயிடும், அது ரூல்ஸு. ஸ்ட்ரெச்சர்ல கெடந்துகினே என் சட்டையப் புடிச்சிட்டான். 'தந்தி மட்டும் அடிச்சிடாதடா, அவ ஆறு மாசம். போன தபா தந்தியிலதான் போச்சு'ன்னான்."

அஞ்சம்மாள் ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எண்பத்தைந்தில் அவளுக்கு முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். திருமுடிவாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பம்பாயில் வேலை பார்த்த அண்ணன் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனான் என்று தந்தி வந்தது. தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததுமே வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது. அஞ்சம்மாள் ஓடிவந்து கல்படியில் விழுந்தாள். அண்ணனோடு அந்தப் பிள்ளையும் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அவள் வாசல் பக்கம் வரமாட்டாள். ஜெயவேலு லீவில் வந்து பார்த்திருக்கிறார்.

"லிஸ்ட்டுல ஏத்தல. வண்டியில இருந்து விழுந்து காயம்னு எழுதிட்டேன்" என்றார் தயாளன். "விழுந்ததும் நெசந்தானே? மேல இருந்தவருக்கு அன்னிக்கு ஆயிரம் காகிதம், படிக்காமலே கையெழுத்து போட்டாரு. இது பொறந்ததும் சரி பண்ணிக்கலாம்டான்னேன். சரி பண்ணா, பொய் எழுதினதுக்கு நீ மாட்டுவடா, வேணாம்னுட்டான். எனக்கு அப்ப புரமோஷன் வர்ற நேரம். நானும் சரின்னு வாயை மூடிக்கிட்டேன்."

'இது' என்று அவர் சொன்னது, கதவருகே எக்ஸ்ரேயோடு நின்ற தமிழினியை.

அன்றைக்கு முழுக்க அஞ்சம்மாள் கட்டில் பக்கம் போகவில்லை. கஞ்சி கொடுக்கிற நேரத்துக்கு மகளை அனுப்பினாள். கல்யாணப் பந்தலில் சிரித்தது ஒரு நாள். அதற்கப்புறம் எத்தனை நாள்! கேஸ் சிலிண்டரை உருட்ட முடியாமல் அவர் நின்றபோது, தமிழினியின் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அப்பாக்கள் ஓடும் பந்தயத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, அப்போதெல்லாம் அவள் வாயில் அந்த லாரி வந்தது. ஒரு தடவையாவது அவர் முகம் மாறியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். மாறவே இல்லை.

மறுநாள் காலையில் மகளிடம் சொன்னாள்: "இந்த புக்கை சரி பண்ணணும். இன்னா அலைஞ்சாலும் சரி. அவரு உசுரோட இருக்கசொல்லவே பண்ணிடணும். புக்கை அவர் கையில வெச்சி, உன் சித்தப்பன் குடும்பத்தை எல்லாம் கூப்பிட்டு நிக்க வெச்சி, அவங்க எதுர்ல நான் அவராண்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்னம்மா சொல்லணும்?"

"அது எனக்கும் அவருக்கும்."

முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு நாலு தடவை போனார்கள். அங்கிருந்தவர் நல்ல மனிதர். வடக்கே இருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், கண்ணால் பார்த்தவர் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தயாளன் நோட்டரி முன்னால் உட்கார்ந்து, முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பொய் எழுதியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

"யோசிச்சு கையெழுத்து போடுங்க சார். பின்னாடி உங்களுக்கு ஏதாவது வரப்போகுது" என்றார் நோட்டரி.

"எழுபது வயசாவுது சார். வர்றதெல்லாம் இனிமே மேல இருந்துதான் வரணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மீதி இருந்தது ஜெயவேலுவின் கைநாட்டு. அவருடைய சார்பில் மனு, அவர் சம்மதம் வேண்டும். தமிழினி மை தடவிய பேடை நீட்டினாள். ஜெயவேலு காகிதத்தைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார். நல்லபடியாக இருந்த இடது கையை இறுக்கி மூடிக்கொண்டார். விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள் மகள். முடியவில்லை. ஆறு மாதம் படுத்துக் கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை.

"டேய், என்னைப் பத்தி நினைக்காதடா" என்றார் தயாளன். "நான் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன். தங்கச்சிக்கும் சொல்லிட்டேன். தந்தி விஷயம் உள்பட."

ஜெயவேலுவின் கண் அஞ்சம்மாள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒளித்து வைத்ததைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் பெரியவர்களுக்கு வருமே ஒரு கூச்சம், அது இருந்தது. அஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வந்த வார்த்தையை நிறுத்திக்கொண்டாள். கொழுந்தன் குடும்பம் எதிரில் இல்லை, கையில் புக்கும் இல்லை. அவசரம் என்ன, புக் வரட்டும், கையில் வைத்துச் சொல்லலாம். மகளிடமிருந்து பேடை வாங்கி அவளே நீட்டினாள். கை திறந்தது. கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். மை காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்டு அந்த விரலைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

மனு போய் ஐந்து மாதம் ஆயிற்று. தபால்காரர் போகிற நேரம் அஞ்சம்மாளுக்கு மனப்பாடமானது. அவளாக ஒரு நாள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கார்த்திகை மழையில் ஜெயவேலுவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிவிடுவதற்கு அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் போயிருந்தார்.

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. உறை மேல் அவர் பெயரே இருந்தது. தமிழினி பிரித்துப் படித்தாள். கடல் கடந்த சேவைக்கான பதக்கத்துக்கு அவர் தகுதியானவர், ஆவணம் திருத்தப்படுகிறது. காயத்துக்கான பதக்கத்தைப் பொறுத்தவரை, அன்றைய காயம்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததாலும், இத்தனை காலம் கழிந்துவிட்டதாலும் ஏற்க இயலவில்லை என்பதற்கு வருந்துகிறோம்.

"மேல அப்பீல் போடலாம்மா. பட்டாளத்துக்காரங்களுக்குன்னே கோர்ட் மாதிரி ஒண்ணு இருக்கு."

"போடு" என்றாள் அஞ்சம்மாள். குரலில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் சிவகுமார் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்க வேண்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்சைப் போனில் காட்டினான். யூனிபார்மில் அண்ணன் படம், கீழே பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லாரி ஜெயவேலு.

"லாரிய எடு" என்றாள்.

"எடுத்துட்டா யாருன்னு தெரியாது அண்ணி. ஊர்ல அஞ்சு ஜெயவேலு கீறாங்க. மத்த நாலு பேரு வூட்டுக்கு மாலை எடுத்துகினு போயிடுவானுங்க."

"போருல காயம்பட்ட ஜெயவேலுன்னு போடு. தெரியாதவங்க வந்து கேக்கட்டும்."

சிவகுமார் கொஞ்சம் தயங்கினான். "கவர்மெண்டே இல்லன்னு லெட்டர் போட்டுட்டான்னு தமிழு சொல்லிச்சே. நாளைக்கு எவனாவது பேஜார் பண்ணுவான் அண்ணி."

"லிஸ்ட்டுல பேர் இல்லன்னு சொன்னாங்க. காயம் இல்லன்னு சொல்லல. அந்தக் காயத்தை அவரோட சேத்துத்தான் எரிச்சோம். சாம்பல் எடுக்கசொல்ல நீதானே இரும்பைப் பொறுக்கிக் கையில குடுத்த?"

சிவகுமார் போனை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நானும்தான் அண்ணி. எத்தினி வாட்டி சொல்லிச் சிரிச்சிருப்பேன்." பிறகு போனை எடுத்து, அவள் சொன்னபடியே கடைக்காரனுக்கு அனுப்பினான்.

ஜி.எஸ்.டி. ரோடு திருப்பத்தில் ஃபிளெக்ஸ் நின்றது. பார்த்தவர்கள் வந்தார்கள், கேட்டார்கள். அஞ்சம்மாள் வந்தவர்களுக்குக் காபி வருவதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். வெடித்த வண்டி, ஸ்ட்ரெச்சர், போகாமல் நின்ற தந்தி. சொல்லும்போது அழவில்லை. யாராவது தெரியாத்தனமாகப் பழைய பேரைச் சொன்னால் நிறுத்தி, முதலிலிருந்து திரும்பவும் சொன்னாள்.

திருமுடிவாக்கத்திலிருந்து பெரியம்மா மகள் பட்டு வந்திருந்தாள். தந்தி வந்த அன்றைக்குக் கல்படியிலிருந்து அஞ்சம்மாளைத் தூக்கியவள் அவள்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இம்மா நாள் உனக்காக மனசுல வெச்சிருந்தாரே. தெரிஞ்சதும் அவராண்ட இன்னாடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒரு வார்த்தைகூடவா?"

"புக்கு வரட்டும்னு இருந்தேன்."

பட்டு மடியிலிருந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ இலை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை.