வெள்ளையன் கையில் இருந்த கயிறு

1. முதல் நாள் சொன்னது

"படுத்திருந்தா ஒண்ணும் எழுதாத பாய். உக்காந்திருந்தா எழுது. நடமாடினா எழுது. வேலை செஞ்சா எழுதறதுக்குக்கூட நிக்காத, நேரா எங்கிட்ட வா."

வேலையில் சேர்ந்த அன்று செகரட்டரி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப். ஐம்பதுகளின் கடைசி. அரசாங்க இன்ஷூரன்ஸ் எங்கள் ஷாப்புக்கு இன்னும் வரவில்லை. ஷாப்பே ஒரு வைத்திய ஃபண்டு நடத்தியது. தொழிலாளியின் கூலியிலிருந்து மாதா மாதம் பிடிப்பார்கள். உடம்புக்கு வந்தால் டாக்டர் செலவு, மருந்து, பாதிக் கூலி கொடுப்பார்கள். நான் அந்த ஃபண்டின் விசிட்டர். லீவில் இருக்கிற நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். மருந்தைக் கொடுக்க வேண்டும். அவன் நிஜமாகவே நோயாளிதானா என்று பார்த்து வர வேண்டும்.

மருந்து கொடுப்பது வெளியே சொல்லிக்கொள்ள. வேவு பார்ப்பதுதான் வேலை. நோயாளி வேலை செய்வது தெரிந்தால் ஃபண்டிலிருந்து பேரை எடுத்துவிடலாம் என்று ஒரு ரூல் இருந்தது. காய்ச்சல்காரனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, அவன் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவான். நெஞ்சு நோய்க்காரன், அதாவது டி.பி. வந்தவன், கதை வேறு. அவனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த ரூல் அவனுக்காகவே எழுதினது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

2. பரண்

வெள்ளையன் ஜவ்வாது மலைக்காரன். பட்டைக் கிடங்கில், தோல் ஊறப்போட ஆவாரம் பட்டை இடிக்கிற வேலை. அந்தத் தூசியில் பத்து நிமிஷம் நின்றால் நமக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். அவன் வருஷக்கணக்கில் நின்றான். நான் சேர்வதற்கு முன்பே நோய் முற்றி ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய மாத்திரையை ஆலங்காயம் வரை எடுத்துப்போய், அங்கே சந்தைக்கு வரும் அவன் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். ஆளை நான் பார்த்ததில்லை.

பட்டை வாங்க மலைக்குப் போய்வந்த மேஸ்திரி ஒரு நாள் செகரட்டரியிடம் சொன்னான். "வெள்ளையன் பரண் மேல உக்காந்து கிளி ஓட்டறான் சார். கயித்த இழுக்கறான், டின்னு சத்தம் போடுது, கிளி அத்தினியும் பறக்குது. என் கண்ணால பாத்தேன்."

செகரட்டரி என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பாத்துட்டு வா பாய். இழுத்தான்னா இந்த மாசத்தோட முடிச்சிடலாம்."

ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலை ஏறினேன். வெயில். செருப்பு வார் அறுந்து பாதி வழி வெறுங்காலோடு நடந்தேன். மேஸ்திரியையும் செகரட்டரியையும் வெள்ளையனையும் சேர்த்தே திட்டிக்கொண்டு போனேன்.

சாமை கதிர் பிடித்திருந்த நேரம். தூரத்திலிருந்தே காவல் பரண் தெரிந்தது. மேலே ஒரு ஆள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான். நான் பார்க்கப் பார்க்கக் கயிற்றை இழுத்தான். கீழ்ச் சரிவில் எங்கேயோ டின் கலகலத்தது. கிளிகள் பறந்தன. மேஸ்திரி பொய் சொல்லவில்லை.

நான் பரணை நெருங்குவதற்குள் சரிவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையெல்லாம் மண். வந்ததும் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அவன் வாயில் வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். அவன் பெண்டாட்டி சடச்சி.

"யாரு நீ?"

"வாணியம்பாடி ஃபண்டு. உம் புருஷன் வேலை செய்யறான்னு சொன்னாங்க. பாக்க வந்தேன்."

"வேலையா?" அவள் சிரித்தாள். "ஒண்ணுக்குப் போவணும்னாலே நான் தூக்கினு போவணும். இவரு வேலை செய்யறாரா? நல்லாப் பாத்துக்க."

"அப்போ வூட்ல படுக்க வெக்காம வயல்ல இன்னாத்துக்கு வெச்சினுகீற?"

"வூட்ல யாரு கீறாங்க? நாங்க அத்தினி பேரும் கேவுருக்குக் களை எடுக்கறோம். ஒத்தையில வுட்டுட்டு வர்றதுக்கு இவரு இன்னா கொட்டில்ல கட்டின மாடா? காத்தால மச்சினன் முதுவுல தூக்கினு வருவான், பொழுது போனா தூக்கினு போவான். கூப்ட்டா எனக்குக் காது கேக்கணும், அவ்ளோதான்."

அவன் கூப்பிட முடியாது. நோய் தொண்டைக்கு ஏறியிருந்தது. குரல் போய்விட்டது, காற்று மட்டும் வந்தது. அதனால் அவள் தான் களை எடுக்கிற இடத்தில் ஒரு கம்பு நட்டு, கூழாங்கல் போட்ட டின்னைக் கட்டி, கயிற்றை அவன் கையில் கொடுத்திருந்தாள்.

அவள் களைக்குத் திரும்பினாள். சொன்னதை அப்படியே நம்பிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. பரண் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவன் நகர்ந்து இடம் விட்டான். சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியில் துப்பிவிட்டு, அதை என் பக்கமிருந்து தள்ளி வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் கிளிக்கூட்டம் திரும்பி வந்து சாமையில் இறங்கியது. எங்கள் கண் முன்னால் கதிரை உருவித் தின்றது. கயிறு அவன் மடியில் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"ஏம்பா, தின்னு தீக்குதே. இழுக்க மாட்டியா?"

அவன் என் காதருகே வந்து காற்றாகச் சொன்னான். "சும்மா இழுத்தா அவ ஓடியாருவா பாய். மேடு. மூச்சு வாங்கும்."

அந்தக் குடும்பம் மழைக்காலம் முழுக்க அந்தச் சாமையைத்தான் தின்ன வேண்டும். இறங்கிப் போய்க் கையைத் தட்டி நானே கிளியை ஓட்டினேன்.

3. கமிட்டி

ஃபண்டுக் கமிட்டியில் செகரட்டரி, முதலாளியின் மருமகன், தொழிலாளிகள் சார்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் கோவிந்தன் என்று மூன்று பேர்.

"கயித்த இழுத்தானா, இல்லையா?" என்றார் செகரட்டரி.

"இழுத்தான்."

"கிளி பறந்துதா?"

"பறந்துது."

"அப்புறம் இன்னா பாய்?"

"பொண்டாட்டியக் கூப்ட்டான் சார். பொண்டாட்டியக் கூப்புடறதுக்கு எந்த ஊர்ல கூலி குடுக்கறாங்க? கிளி திங்கும்போது இழுக்கல. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

கோவிந்தன் சிரித்தார். செகரட்டரிக்குக் கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை, கையில் இருந்ததை வைத்து ஃபண்டை ஓட்டப் பார்த்தவர். "இவன் ஒருத்தனுக்குப் போற மாத்திரைல இருபது பேருக்குக் காய்ச்சல் மருந்து வாங்கலாம். ஃபண்டுல இன்னா கொட்டியா கெடக்குது?" என்றார்.

"பணம் இல்லன்னா பணம் இல்லன்னு சொல்லுங்க. அவன் வேலை செஞ்சான்னு சொல்லாதீங்க. அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற விசிட்டரப் பாத்துக்குங்க."

முதலாளியின் மருமகன் என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார். அதற்குள் கோவிந்தன் பேசினார். "பட்டைக் கிடங்குல இருமாதவன் எவன் கீறான்? இன்னிக்கு வெள்ளையன நிறுத்துங்க. நாளைக்கு எவனும் இருமலுன்னு டாக்டர்கிட்ட போவ மாட்டான். மறைச்சினு எம் பக்கத்துலயே நிப்பான். எனக்கும் ஒட்டும், உங்களுக்கும் ஒட்டும்."

உங்களுக்கும் என்றதும்தான் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாத்திரை தொடரும், பாதிக் கூலி நிற்கும் என்று முடிவு செய்தார்கள். பத்து வருஷம் அவன் கூலியில் பிடித்தவர்கள்தானே இவர்கள். அடுத்த மாதம் சடச்சி ஆலங்காயம் சந்தைக்கு வந்தபோது, தலையைக் குனிந்துகொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்திரை வருதில்ல? சோறு நாங்க பாத்துக்கறோம்" என்றாள். என் பையில் பிடிவாதமாக ஒரு சீத்தாப்பழம் போட்டாள்.

4. மழை விட்ட பிறகு

மழைக்காலம் முழுக்க அவளே வந்து மாத்திரையை வாங்கிப்போனாள். எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "திங்கறாரு" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம்.

அந்த ஃபண்டில் நான் மேலும் நாலு வருஷம் இருந்தேன். எல்லாரையும் காப்பாற்றினேன் என்று கதைவிட மாட்டேன். வேறு மூன்று நெஞ்சு நோய்க்காரர்களை நிறுத்தினார்கள். நான் கத்தியும் நடக்கவில்லை. இரண்டு பேர் செத்தார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூலியில் பிடிக்கும்போது அவன் நல்லவன், நோய் வந்ததும் திருடன் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். நிறுத்துகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த ஆளின் பக்கத்தில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தூரத்திலிருந்து பார்த்தது பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் மழை விட்டதும், வெள்ளையனை வரச்சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டோடு நான் மலை ஏறினேன். அறுத்த சாமைக் காட்டுக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எதில் போவது என்று நின்றேன். மேலே பாறைப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

"பாய், அந்தாண்ட வராத, சேறு. இப்டி சுத்தி வா."

கரகரத்த, பெரிய குரல். யார் என்று அண்ணாந்து பார்த்தேன். பரணில் பார்த்த அதே கம்பளியைப் போர்த்தி ஒரு ஆள் பாறை மேல் நின்றிருந்தான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.