இரண்டு தடவை முடிந்த சைக்கிள் ஓட்டம்

கொழும்பிலிருந்து கல்முனைக்கு நாலு நாளில் சைக்கிள் ஓடி வந்தவர்கள் பன்னிரண்டு பேர். முடிவு எல்லையை முதலில் தொட்டவன் நான். ஓட்டத்தை முடித்தவர்களின் படத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள். அதில் நான் இல்லை. "நீங்க எந்த ஊரோட நிண்டுட்டீங்க?" என்று இப்போதும் சிலர் அனுதாபத்தோடு கேட்பதுண்டு. பொத்துவிலோடு என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல நேரம் எடுக்கும், எனக்குப் பொறுமை கிடையாது.

பொறுமை இல்லாதவன் என்று ஊரே என்னை அறியும். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஆணி வாங்க வந்தவர் ஒன்றரை அங்குலமா இரண்டு அங்குலமா என்று யோசித்தால் இரண்டையும் கலந்து கட்டிக் கொடுத்துவிடுவேன். ஐம்பத்திரண்டு வயதில், சீனி வருத்தமும் தொப்பையும் உள்ள இப்படிப்பட்ட ஒருவனை ஒரு சைக்கிள் குழுவில் சேர்த்தது அவர்களின் பிழை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மெஷின் வாங்க நிதி சேர்ப்பதுதான் ஓட்டத்தின் நோக்கம். எங்கள் மேலாடையில் அனுசரணை தந்த கடைகளின் பெயர்கள் முன்னும் பின்னும் நிறைந்திருந்தன. நோக்கத்துக்கு இடது கமக்கட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது. கையைத் தூக்கினால் வாசிக்கலாம்.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை. ஆனால் நாலு நாளும் நிற்கும் இடமெல்லாம் சிறுநீரக நோயாளிகளைப் பற்றிப் பேசினார். இரத்தினபுரியில் பேசினார், வெல்லவாயாவில் பேசினார், மொனராகலையில் தேத்தண்ணி குடிக்க நின்ற இடத்தில் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் பொருட்படுத்தாமல் பேசினார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒன்றாகப் போய் ஒன்றாக வர வேண்டும், யாரும் தனியே முந்தக் கூடாது.

இந்தத் தலைவருக்குப் பொறியியல் படித்த மகன் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் என் மச்சானின் மகளுக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா சைக்கிள் ஓடக் கூப்பிடும்போது, பொம்பிளையின் மாமா முழங்கால் நோகுது என்று சொன்னால் குடும்பத்துக்கு நல்லதா?

மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கலியாணம், கந்தூரி, கிரிக்கெட் இறுதிப் போட்டி எல்லாவற்றிலும் எங்கள் பக்கம் கேட்கும் குரல் அவருடையது. அவர் மைக்கைப் பிடித்தால் தோற்ற அணிக்காரனும் கை தட்டுவான். அந்த மனிதருக்குப் பதினாலு மாதத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கை விட்டன. கவனியாமல் விட்ட பிரஷரும், முதுகு நோவுக்கென்று வருசக்கணக்காக விழுங்கிய குளிசைகளும்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார். புதனும் சனியும் மெஷினில் ஏற வேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம்.

இது எங்கள் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. சிறுநீரகம் என்றால் பரம்பரை வியாதி என்று ஊர் முடிச்சுப் போட்டுவிடும். ஊர் போட்ட முடிச்சை எந்த வைத்தியராலும் அவிழ்க்க முடியாது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை எடுப்பது. மச்சான் கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது, நிலத்துக்கு மாபிள் மட்டும் மிச்சம். அதற்குள் இந்தக் கதை வெளியே போனால் மாப்பிள்ளையும் போய்விடுவார். ஆகவே ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு, ஒலிபெருக்கிச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி, என் வான் வண்டியில் நான்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். ஒரு மனிதன் வாரத்தில் இரண்டு நாள் அம்ப்ளிபயர் வாங்குகிறான் என்பதில் ஊருக்குச் சந்தேகம் வரவில்லை.

நாங்கள் ஓடத் தொடங்கியது ஒரு புதன்கிழமை. "நீ போ மச்சான், நான் பஸ்ல போய்க்குவன்" என்று அவர் சொல்லியிருந்தார். நானும் நம்பிப் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பொத்துவிலில் தங்கியபோது மனைவி போன் எடுத்தாள். காக்கா புதன்கிழமை போகவேயில்லை என்றாள். பஸ்ஸில் ஏறியவர், பின் சீட்டில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பதைக் கண்டு அடுத்த தரிப்பில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாராம். "கால் வீங்கிச் செருப்புப் போகுதில்ல. படுத்தா மூச்சு வாங்குது. நாளைக்கு விட்டா அவ்வளவுதான்" என்று அழுதாள்.

நான் சிறுநீரக நோயாளிகளுக்காகச் சைக்கிள் ஓடியதால், எனக்குத் தெரிந்த ஒரே சிறுநீரக நோயாளி மெஷினில் ஏறாமல் கிடந்தார். அன்றிரவு எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை இங்கே எழுத்தில் போட முடியாது.

சனிக்கிழமை அவருடைய முறை பகல் பன்னிரண்டரைக்கு. பதினொன்றரைக்காவது கல்முனையை விட்டு வெளிக்கிட வேண்டும். பிந்தினால் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஓட்டம் பத்து மணிக்கு முடியும். முடிவிடத்தில் அறிவிப்பாளர் வேறு யாருமில்லை, மச்சான்தான். நாங்கள் வந்து சேர்ந்ததும் அவர் வேலை முடிந்துவிடும். ஊருக்குள் மட்டும் வான் ஓடத் தெரிந்த மனைவி அதை முடிவிடத்துக்குப் பக்கத்துத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாள்.

அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டுப் பொத்துவிலில் இருந்து புறப்பட்டோம். தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை எல்லாம் எனக்குப் புகை போல் கடந்தன. என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. ஒன்பதரைக்கு நிந்தவூர் தாண்டி, காரைதீவுக்கு முன்னால் வயலோரத்தில் தலைவரின் போன் அடித்தது. பேசிவிட்டுக் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார்.

"பிரதம அதிதி இன்னும் வெளிக்கிடல்லயாம். அவர் வந்து கொடி காட்டாம நாம உள்ளுக்குப் போகேலா. யாரும் காணாம இந்த மில்லுக்குப் பின்னால நிப்பம்."

நாலு நாள் வெயிலிலும் மழையிலும் ஓடி வந்த பன்னிரண்டு பேர், வீட்டுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கும்போது, ஒரு அரிசி ஆலையின் பின்பக்கத்தில் உமிக் குவியலுக்கு மறைவாகக் களவெடுத்தவர்கள் மாதிரி ஒளிந்திருந்தோம். பத்தானது. பத்தரையானது. அதிதி புறப்பட்டுவிட்டார் என்றார்கள். பிறகு, புறப்பட்டது அவருடைய செயலாளர் என்றார்கள். காற்றடித்தால் உமி பறந்து வியர்வையில் ஒட்டியது. ஒருவர் படுத்துக் குறட்டை விட்டார். தலைவர் மேடையில் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார்.

நான் மச்சானுக்குப் போன் எடுத்தேன். பின்னால் ஒலிபெருக்கியில் கஸீதாப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டு வானுக்குப் போங்க" என்றேன்.

"எப்பிடிப் போற? முன் வரிசையில சம்மந்தி வீட்டுக்காரங்க இரிக்காங்க. சனம் வெயிலுக்க நிக்கிது, நான் மைக்க வெச்சிட்டுப் போனா என்ன ஏதெண்டு கேப்பாங்க. நீங்க வந்து சேந்தாத்தான் எனக்கு வழி." இவ்வளவையும் சொல்லி முடிக்க அவர் மூன்று தடவை மூச்சு எடுத்தார்.

தலைவரிடம் போனேன். "எனக்கு அவசரம், போவம்" என்றேன்.

"என்ன அவசரம்?"

சொல்ல வாயெடுத்தேன். உலகத்தில் இந்த விசயத்தைச் சொல்லக் கூடாத ஒரே ஆள் என் முன்னால் நின்றார். "பசிக்குது" என்றேன். அவர் ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டினார்.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ரயரில் காற்றுப் பார்ப்பதாகச் சொல்லிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதிக்கு வந்தேன். ஏறினேன், மிதித்தேன். பின்னால் தலைவர் கத்துவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மற்றப் பதினொரு பேரும் என்னைத் துரத்தி வருவது தெரிந்திருக்கும். ஒன்றாக வர வேண்டும் என்ற சட்டத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

காரைதீவில் சனங்கள் போட்டி என்று நினைத்துக் கை தட்டினார்கள். சாய்ந்தமருதில் ஒரு மீன் வியாபாரி சைக்கிள் கள்ளன் என்று நினைத்து, "பிடிங்கடா!" என்று சத்தம் போட்டார். காலில் வெந்நீர் ஊற்றியவன் போல் ஓடினேன். நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. மருமகளான மச்சான் மகளின் கலியாணத்தை நானே மிதித்து உடைக்கிறேனோ என்ற பயமும் கூடவே வந்தது.

முடிவிடத்தில் மச்சான் அனுசரணையாளர்களின் பெயர்களை எத்தனையாவதோ தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரல் நின்றது. அந்த மனிதர் மைக்கின் முன்னால் பேச்சில்லாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பார்ந்த பெருமக்களே! பிரியாணி வாசம் காரைதீவு வரைக்கும் போயிற்றுப் போல. பசி பொறுக்கேலாத நம்மட வீரர் ஒருவர் முந்தி வந்துட்டார்! மற்றவங்களும் பின்னால வாறாங்க!"

சனம் சிரித்தது. நான் ரிப்பனை அறுத்துக்கொண்டு போய் நிலத்தில் விழுந்தேன். மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் மச்சான் அவர்களை ஒவ்வொருவராக வாழ்த்தி, துஆ ஓத மௌலவியிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு மேடையின் பின்பக்கத்தால் இறங்கினார். தலைவர் என்னைத் தேடி வருவதற்குள் நான் வானில் ஏறிவிட்டேன். நேரம் பதினொன்று இருபத்தைந்து.

அதிதி ஒன்றேகால் மணிக்கு வந்தாராம். எல்லோரையும் சாய்ந்தமருதுச் சந்தி வரை திருப்பி அனுப்பி, புது ரிப்பன் கட்டி, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு பேரும் முகம் கழுவி, தலை வாரி, மூச்சு வாங்காமல் அழகாக வந்து சேர்ந்தார்கள். அந்தப் படம்தான் எல்லா இடத்திலும் தொங்குகிறது.

அந்த நேரம் மச்சான் மெஷினில் இருந்தார். நான் வியர்வை நாற்றமடிக்கும் மேலாடையோடு அவர் கால்மாட்டில் இருந்தேன். தாதி என் முதுகில் இருந்த கடைப் பெயர்களை எல்லாம் வாசித்துவிட்டு, "என்ன போட்டி?" என்று கேட்டாள். கையைத் தூக்கிக் காட்டினேன். அப்போது போன் அடித்தது. தலைவர். என் விரல்கள் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து விறைத்துப் போயிருந்தன. எதையோ அழுத்த, அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நீங்க செஞ்சது சரியா? கொஞ்ச நேரம் பொறுக்கேலாதா? எல்லாரையும் வெக்கப்படுத்திட்டீங்க. இப்பிடிப்பட்ட ஆக்களோட சம்மந்தம் செய்யிறத யோசிக்கத்தான் வேணும்!"

நான் வாயைத் திறக்கும்போது மச்சானின் மெஷின் கூவத் தொடங்கியது. குழாய் கொஞ்சம் மடங்கினாலே கூவும், தாதி வந்து தட்டினால் அடங்கிவிடும். ஆனால் தலைவர் நிதி சேர்ப்பதற்காக எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அந்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர். அவர் பேச்சை நிறுத்தினார்.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

மச்சான் மற்றக் கையை நீட்டிப் போனை வாங்கினார். "அவன் பசிக்கு ஓடல்ல" என்றார். "நான்தான் மெஷின்ல இரிக்கன். பதினாலு மாசமாகுது. என்னை ஏத்தத்தான் ஓடி வந்தான்."

"சரி, நான் பிறகு எடுக்கன்" என்று தலைவர் போனை வைத்தார்.

சிறுநீரக நோயாளிகளுக்காக நாலு நாளில் கொழும்பிலிருந்து சைக்கிள் ஓடி வந்த மனிதருக்கு, நாலு தெரு தள்ளியிருந்த ஒரு நோயாளியின் வீட்டுக்கு வர ஒன்பது நாள் எடுத்தது. வந்தபோது தோடம்பழமும் வாழைப்பழமும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். இரண்டும் அந்த வருத்தக்காரர் வாயில் வைக்கக் கூடாதவை. அத்தனை பேச்சுப் பேசியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் சொல்ல எழும்பினேன். மச்சான் கண்ணால் என்னை இருத்தினார்.

தேத்தண்ணி வந்தது. சுகம் விசாரித்தார். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். "எங்களுக்கு மறுப்பு ஒண்டுமில்ல. மகனும் விருப்பம். ஆனா பொம்பிளையளுக்கு ஒரு பயம். இது பரம்பரையில வாற வருத்தம் இல்ல எண்டு டொக்டரிட்ட ஒரு கடுதாசி எடுத்துத் தந்தீங்கெண்டா விசயத்த முடிச்சிரலாம்."

எனக்கு நெஞ்சு லேசானது. அந்தக் கடுதாசி ஏற்கனவே இருந்தது. நான்தான் வைத்தியரிடம் கேட்டு வாங்கி, அலுமாரிக்குள் வைக்கக் கொடுத்திருந்தேன். எழும்பி எடுத்து வந்தால் அன்றைக்கே நாள் குறிக்கலாம்.

"கடுதாசி இரிக்கி" என்றார் மச்சான். "ஆனா தர மாட்டன்."

தலைவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கோப்பையில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார். கேற் சாத்தும் சத்தம் கேட்கும் வரை பொறுத்தேன். அதுவே எனக்கு அதிகம்.

"விசரா உங்களுக்கு?" என்று பாய்ந்தேன். "பதினாலு மாசம் களவா ஓடித் திரிஞ்சது என்னத்துக்கு? புதன்கிழமை பஸ்ஸால இறங்கிச் சாகக் கிடந்தது என்னத்துக்கு? ஒரு கடுதாசி! அஞ்சடி தூரத்தில அலுமாரிக்க இரிக்கி!"

உள்ளறையில் மருமகளின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. மச்சான் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"இண்டைக்கு இதக் குடுத்தா, நாளைக்கு அவள் தலையிடி எண்டு படுத்தாலும் கடுதாசி கேப்பாங்க மச்சான்."

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உள்ளே தையல் மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.