எங்கள் பிக்கப்புக்குத் தளம் போட்டவர்

எங்கள் பிக்கப்பை முதன்முதலில் பார்த்தபோது அதன் பின்பெட்டியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சிலிம் ரிவர் பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய இடம். பழைய தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக அந்த வண்டி நின்றிருந்தது. கோழியைத் தூக்கியதும் பெட்டியின் தரை வழியாகக் கீழேயிருந்த புல் தெரிந்தது. அந்த அளவுக்குத் துரு. என் கணவர் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் உசிரோட இருக்குலா" என்றார். உயிரோடு இருப்பது கோழி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து இளநீர் கொண்டுவந்து ஈப்போவில் விற்பது எங்கள் பிழைப்பு. சொந்தமாக ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதனால் அந்தத் துருவை லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சின், பிரேக், வயர் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டபின் அடிச்சட்டம் மட்டும் எலும்பு மாதிரி நின்றது. அதன்மேல் தட்டையான இரும்புத் தளம் ஒன்று போட வேண்டும். அது என் பங்கு.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் ஓர் இரும்புச் சாமான் பேக்டரியில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு வெல்டிங். சொந்தக்காரர்கள் எல்லாரும் நான் அங்கே சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் கை நடுங்கும். வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். அதற்குள் இருந்தால் யாரும் நம்மைப் பார்க்க முடியாது. கண்ணாடி வழியாக ஒரு சின்ன வெளிச்சம்தான் உலகம்.

நீளத்துக்கு இரண்டு இரும்பு, குறுக்கே வரிசையாகச் சின்ன இரும்புகள், மேலே வழுக்காத தகடு. அடிச்சட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவில் பழைய டயரை வெட்டி வைத்தோம், குலுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க. மூலைக்கு மூலை கயிறு பிடித்துச் சதுரம் பார்த்தோம். வெல்டிங்கும் கோலம் மாதிரிதான். முதலில் புள்ளி, அப்புறம்தான் கோடு. ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் இரும்பு கோணிக்கொள்ளும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று போட வேண்டும். எல்லாம் வீட்டுக்குப் பின்னால், தகரத்தடுப்புக்குள் நடந்தது. அவர் இரும்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே பேசினார்.

வண்டி சோதனையெல்லாம் முடிந்து ரோட்டுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் தளத்தைத் தட்டிப் பார்த்து, "யார் செஞ்சதுண்ணே?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலையாட்டி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "நான்தான் லா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சும்மா கை வச்சேன், வந்திருச்சு" என்று சேர்த்தார். அடுத்த வாரம் வந்தவரிடம், வெல்டிங் என்பது மூச்சுப் பயிற்சி மாதிரி என்று விளக்கினார். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோயில் தலைவர் காதுக்கும் இது போனது. திருவிழாவுக்கு அம்மனை எப்போதும் வாடகை லோரியில் வைத்துத்தான் ஊர்வலம் போவார்கள். இந்த முறை எங்கள் பிக்கப்பில் போகலாம், தளத்தின்மேல் சின்ன மண்டபத்தை நிறுத்த இரும்புச் சட்டம் ஒன்று பற்றவைத்தால் போதும் என்றார்.

"மண்டபம் கோயில்ல இருக்கு. அங்கயே வந்து செஞ்சிருங்க தம்பி. எல்லாரும் பாக்கட்டும், நம்ம ஆளு வேலய."

"அதுக்கென்னண்ணே, செஞ்சிடலாம்லா" என்றார் என் கணவர். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வெல்டிங் கம்பியை அவர் ஒரு நாளும் பிடித்ததில்லை.

"உண்மைய சொல்லிரவா?" என்று கேட்டார். அப்படிச் சொன்னால் கோயில் முழுக்க என்னையே பார்க்கும். அவரைப் பார்த்து எங்கள் குடியிருப்பு, தாமான் முழுக்கச் சிரிக்கும். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

"முகமூடி இருக்குங்க" என்றேன்.

கோயிலில் சட்டம் பற்றவைக்க வேண்டிய நாள் காலை, பிக்கப்பைக் கோயிலுக்குள் நிறுத்திவிட்டு, நான் விளக்குத் தேய்க்கிற சாக்கில் கோயில் சாமான் அறைக்குள் போனேன். அவர் உடை மாற்றுகிற சாக்கில் உள்ளே வந்தார். அவருடைய கால்சட்டை, தடித்த சட்டை, கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் என்மேல் ஏறின. உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தொப்பைக்கு ஒரு தலையணை. "உள்ள சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும், வெளக்கத் தேய்ங்க" என்று புளியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெல்டிங் கரண்ட் வண்டியைக் கெடுக்காமல் இருக்க, முதலில் அதன் பேட்டரி வயரைக் கழற்றினேன். தளத்தில் ஏறப் போனேன்.

"தம்பி, தம்பி!" என்று தலைவர் ஓடி வந்தார். "பூட்ஸ கழட்டிருங்க. அம்மா உக்காரப் போற எடம்."

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. கோயிலுக்குள் யார்தான் செருப்போடு நிற்பார்கள்? திருவிழாவுக்காக முந்தின நாள்தான் காலில் மருதாணி வைத்திருந்தேன். மெட்டி வேறு. தளமோ ஆள் மார்பு உயரம். ஏறி நின்றால் என் கால்விரல்கள் எல்லாருடைய மூக்குக்கும் முன்னால்.

மெதுவாகப் பூட்ஸைக் கழற்றினேன். கால்சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஏறினேன். காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றேன். முகமூடிக்குள்ளே வாழ்க்கையில் முதல்முறையாகக் கை நடுங்கியது.

"என்னா தம்பி, இன்னிக்கு பேச்சே காணோம்?" என்றார் தலைவர்.

"மூச்சுப் பயிற்சிண்ணே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாக.

தலைவரின் மனைவி, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், பூக்கூடையோடு வந்தார். வண்டிப் பக்கத்தில் நின்றார். என் காலைப் பார்த்தார். முகமூடியைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். பிறகு சாமான் அறைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, வெளக்கு தேச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு, சுவரில் இடித்து நின்றது.

அக்கா அலங்காரத்துக்கு வைத்திருந்த வாழைமரத்துக்குப் போனார். பெரிய மட்டையாக இரண்டு உரித்துக்கொண்டு வந்தார். என் கால்கள்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு பக்கமும் அழுத்திவிட்டார்.

"நெருப்புப் பொறி விழும், *தம்பி*. ஆடாம நில்லுங்க" என்றார். அந்தத் தம்பியை அவர் சொன்ன விதத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பின்னால் திரும்பி, "எல்லாரும் தள்ளிப் போங்க, கண்ணு கெட்டுப் போயிரும்!" என்று ஆண்களை மரத்தடிக்கு விரட்டினார்.

நடுக்கம் நின்றது. நாலு மூலையிலும் புள்ளி வைத்தேன். மண்டபத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஆடவில்லை. கோட்டை இழுத்தேன். இடம் மாறி நிற்க வேண்டியபோதெல்லாம் அக்கா பலகையையும் மட்டைகளையும் கூடவே நகர்த்திக்கொண்டு வந்தார், குனிந்தபடி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு.

ஊர்வலத்தன்று அம்மன் எங்கள் பிக்கப்பில் அசையாமல் போனாள். புறப்படும் முன் தலைவர் என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் வாயைத் திறக்கப் போனார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவருக்குத் தன்னடக்கம் வந்துவிட்டது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் வேறு பேச்சு. நான் நடந்து போகப் போக, ஒவ்வொருத்தியும் முதலில் என் காலைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை பேர் பார்த்தும் எனக்கு ஓடி ஒளியத் தோன்றவில்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து நடந்தார்.

"எங்க வீட்டு கேட்டு கீல் விட்டுப்போச்சு. எங்க வீட்டுக்காரரு வெளிய போற நேரமா பாத்து தம்பிய வரச் சொல்லு."

"சரிக்கா."

"அந்த வெளக்கு தேச்ச தங்கச்சியும் கூட வரட்டும்" என்றார். "எல்லா வெளக்குலயும் புளி அப்டியே ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒக்கார வச்சு தேய்க்கக் கத்துக்குடுக்கிறேன்."

முன்னால் பொன்னாடையோடு பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், காதில் விழுந்ததுபோலக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.