திறந்திருந்த கடை

எங்கள் ஊரில் போர் முடிந்து ஓராண்டு நிறைந்த மே மாதம். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகளெல்லாம் நினைவுநாளுக்குப் பூட்டி, வாசலில் விளக்கேற்றுவதென்று பேச்சு. என் அண்ணையின் தொலைபேசிக் கடை மட்டும் திறந்திருக்குமாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிச் சில காலம் ஆகியிருந்தது. அவர் சேர்ந்தது, யார் எடுத்தாலும் ஆயுதம் பாவம் என்று சொல்லும் சின்னச் செபக்கூட்டம். மாறியது அவர் விருப்பம். ஆனால் அந்தப் போரின் கடைசி மாதங்களில், இயக்கத்துக்காகக் கையில் துவக்கோடு செத்தது எங்கள் தம்பி. தம்பிக்கு விளக்கேற்றாதவரும் ஓர் அண்ணனா?

வீட்டில் பொரிந்து தள்ளினேன். சென் தெனி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள். அமெரிக்கா விடுதலைக்குப் போரிட்ட காலத்தில் குவேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவ சபையார் இருந்தார்களாம். எந்தப் பக்கத்துக்கும் துவக்குத் தூக்க மாட்டோம் என்றார்களாம். போருக்காக அறிவித்த விரத நாட்களில் கடை பூட்டவில்லை, வெற்றிக்குச் சன்னலில் விளக்கு வைக்கவில்லை. பிலடெல்பியாவில் சனம் கல்லெறிந்து அவர்களுடைய கண்ணாடிகளை உடைத்ததாம்.

"அவையின்ரை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லைப் போலை," என்றேன். மகள் தன் புத்தகத்துக்குத் திரும்பினாள். அண்ணையின் கடைக்கும் முகப்பு முழுக்கக் கண்ணாடி என்பது அப்போதுதான் உறைத்தது.

நினைவுநாளன்று, கடைத்தெருவான ரூ லூயி-பிளாங்கில் தமிழ்க் கடைக் கதவுகள் இறங்கியிருந்தன. அண்ணையின் கடைக்கு எதிரே, நினைவுநாளை ஒழுங்குசெய்தவர்களில் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள். ஒருவர், "தங்கச்சி, அண்ணைக்கு நீங்களாவது சொல்லுங்கோ," என்றார். குரலில் மரியாதை இருந்தது. கட்டிய கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

உள்ளே அண்ணை தனியே இருந்தார். ஒரு வியாபாரமும் இல்லை.

"பூட்டுங்கோ அண்ணை. தம்பிக்காக எண்டாலும் பூட்டுங்கோ."

"தம்பி கடைசியா இந்தக் கடைக்குத்தான் ரெலிபோன் கோல் எடுத்தவன்," என்றார். "இயக்கத்துக்கு ஆள்பிடிக்க வாறாங்கள், மாட்டன் எண்டாலும் விடமாட்டாங்கள் எண்டு அழுதவன்."

தம்பி தானாகப் போனான் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தேன். அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"அவனை மாட்டன் எண்டு சொல்ல விடேல்லை, பிள்ளை. நானாவது இவைக்குச் சொல்லுறன்."

வெளியே இப்போது நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். நான் ஒரு கதிரையை இழுத்துக் கண்ணாடிக்கு நேரே போட்டு, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.