என் முற்றத்தில் மட்டும் நேராக நின்ற வண்டி

உடப்பில் கரைவரைக்கும் வண்டி கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும், பழைய டபுள்கெப் பிக்கப்பின் வயிறு மணலில் தட்டினால் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டுத்தான் தள்ளவேண்டும். அதனால்தான் வண்டியை உயர்த்துகிறேன் என்று ஊருக்குச் சொன்னேன். உயரத்தில் இருந்துகொண்டு எல்லாரையும் குனிந்து பார்க்க ஆசைப்பட்டேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

பின்பக்கத்தை கராஜில் உயர்த்தினார்கள். முன்பக்கத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று வந்துவிட்டேன். முன்சில்லுகளைத் தாங்கும் டோர்ஷன் பார் என்ற இரும்புத்தண்டின் நட்டை முறுக்கினால் மூக்கு உயரும், அவ்வளவுதானே. முற்றத்தில் நிறுத்தி, முறுக்கி, நாடா பிடித்து அளந்தேன். வலது பக்கம் தாழ்வாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே உயரம் வரும்வரை அதை மறுபடி முறுக்கினேன். பிறகு என்னை நானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

தெருவுக்கு ஏறியதும் வண்டி வலது பக்கம் இழுத்தது, எதிரே லொறி வருகிற பக்கம். ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினேன். என் மனைவி ரீச்சர்; காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். அவள் கேட்டபோது ரோட்டுச் சரிவு என்றேன். முன்டயர்களின் வெளியோரம் மொட்டையானபோது டயர் சரியில்லை என்றேன். மூன்றாம் வாரம் ஒரு லொறியில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம்.

"இது சரியாகும்வரைக்கும் நான் பஸ்ஸில போறன்" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அவள் பயந்திருந்தாள். அப்படியும் ஒரு மாதம் வீறாப்பில் ஓட்டினேன். காலையில் பஸ் தரிப்பிடத்தில் அவள் நிற்பதைக் கடந்து போகும்போது வெட்கமாக இருந்தது.

கடைசியில் புத்தளத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே சில்லுகளின் அலைன்மென்ட் பார்க்கும் முஸ்லிம் நானா வண்டியை மேடையில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வெச்சு அளந்தீங்க?"

"வீட்டு முற்றத்தில, நானா."

"முற்றம் சீமெந்தா, மணலா?"

முற்றம் மணல். வலது சில்லு மணலில் புதைந்து நின்றிருக்கிறது. அதைத்தான் தாழ்வு என்று முறுக்கித் தள்ளியிருக்கிறேன். உலகத்தில் என் முற்றத்தில் மட்டும் நேராக நிற்கும் வண்டியொன்றை உருவாக்கியிருந்தேன்.

அவர் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் இறக்கி, சில்லுகளின் சாய்வையும் நேரையும் சரிசெய்து தந்தார். "இதுக்கு மேல ஏத்தாதீங்க. சில்லு நேரா நிக்காது."

மறுநாள் காலை மனைவி ஏறினாள். கோயிலடி தாண்டியதும் வண்டி இடது பக்கம் இறங்கி, ஒரு வேலியோரத்தில் போய் நின்றது. வண்டியில் ஒரு பிழையுமில்லை. இத்தனை நாள் இடது பக்கம் இழுத்துப் பழகிய என் கை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் இறங்கிச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தாள்.

"அங்கால இருங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அவளும் என்னோடு லைசன் எடுத்தவள்தான். ஒருநாளும் நான் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. கேட்டால், அது பெரிய வண்டி என்பேன். பெரிய வண்டி பள்ளிக்கூட வாசல்வரைக்கும் நேராகப் போனது. அவள் பக்கத்தில் இருந்தது சந்தோசமாக இருந்தது. முகத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

இறங்கும்போது வண்டித் திறப்பை என் கையில் தந்தாள்.

"ஒன்றரைக்கு வாங்க. மெதுவா வாங்க. வீட்ட போகேக்க நான் ஓட்டுறன்."

ஓம் என்றேன்.